துண்டுக்கு அடியில் ஓர் ஈரக் கை

சந்தை எப்போது விழும் என்று என்னிடம் கேட்காத ஆள் உங்களில் ஒருவர்கூட இல்லை. நம் தரகர் சங்கத்துக் கூட்டத்துக்கு வந்தால் கேட்கிறீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் கட்டோடு படுத்திருந்தபோது பார்க்க வந்த ஒரு புண்ணியவான், "வலி இருக்காண்ணே?" என்று கேட்பதற்கு முன்னால் "மில் பங்கு இறங்குமாண்ணே?" என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்குச் சொல்லாத பதிலை இன்றைக்கு உங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சந்தை விழப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற வித்தை எனக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. அதாவது, தெரியும் என்று ஊரும் நம்பியது, நானும் நம்பினேன். ஒரு புதன்கிழமை நான் நினைத்தபடியே சந்தை விழுந்தது. அதோடு அந்த வித்தையை விட்டேன்.

யுத்த காலம் அது. பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். சென்னைப் பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து மூட்டை முடிச்சோடு பாதிப் பேர் மதுரை ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். ரயில் இறங்கின ஒவ்வொருத்தரும் ஒரு வதந்தியைக் கையோடு கொண்டுவந்தார்கள். அந்தச் சமயத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு தரகர்கள் விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து பஞ்சாலைப் பங்குகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தோம். கீழே நாள் முழுவதும் அண்டாவையும் தவலையையும் தட்டி நெளிவெடுப்பார்கள். மேலே ஒருத்தர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது.

அதற்கு எங்கள் மாடியில் ஒரு வழி இருந்தது. எங்கள் எல்லாருக்கும் மூத்த தரகர் ஒருவர் உண்டு. அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். மில் பங்கு என்ற ஒன்று மதுரைக்கு வருவதற்கு முன்னால் அவர் மாட்டுத்தாவணியில் மாட்டுத் தரகு பார்த்தவர். இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுகிற மாட்டுச் சந்தைப் பழக்கத்தை அப்படியே எங்கள் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். எந்த விரலைப் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று எல்லாருக்கும் அத்துப்படி. கத்த வேண்டாம், பக்கத்தில் இருப்பவனுக்கு விலை தெரியவும் தெரியாது. பம்பாயிலும் பட்டணத்திலும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் எங்கே கெட்டேன் என்றால், விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்க்க ஆரம்பித்தேன். வாய் எவ்வளவு தைரியமாகப் பேசினாலும் கை பொய் சொல்லாது என்று ஒரு எண்ணம். ஒரு தரம் ஒரு தரகர் கை நடுங்கியது. இரண்டு நாளில் அவர் விற்ற பங்கு இறங்கியது. இன்னொரு தரம் ஒருத்தர் கை வேர்த்திருந்தது. அதுவும் இறங்கியது. அவ்வளவுதான், "நாடி" என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "நாடி என்ன சொல்லுது மாப்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் வியாபாரமே தொடங்குவார்கள். நடுங்காத கைகள் விற்ற பங்குகளும் எத்தனையோ இறங்கின. அவற்றை யார் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்? நானே வைத்துக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு வயசு, தலைக்கனம் கூரையை இடித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு திங்கட்கிழமை பேரையூர்ப் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. மடியிலிருந்து துணி முடிச்சை அவிழ்த்து ஒரு பஞ்சாலையின் நாற்பது பங்குப் பத்திரங்களை எடுத்து வைத்தார். அந்த மில் தொடங்கியபோது பருத்திக்காரர்களிடம் ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார்களே, அப்போது அவர் புருஷன் வாங்கியவை.

"கமலை இறைக்கிற மாட்டுல ஒண்ணு செத்துப்போச்சு தம்பி. கிணத்துல தண்ணி கிடக்கு, ஆனா ஆழத்துல கிடக்கு. ரெண்டு வருசமா வானம் பாத்து ஏமாந்தது போதும். இங்க ஒரு கடையில பழைய ஆயில் இன்ஜின் ஒண்ணு கிடக்காம். யுத்தத்துல புதுசு வராதாமே. இதை விட்டா வேற இல்லன்றாய்ங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் எனக்காக வச்சிருப்பேன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு."

கணக்குப் பார்த்தேன். அன்றைய விலைக்கு நாற்பது பங்கையும் விற்றால் இன்ஜின் விலைக்கு நாற்பது ரூபாய் குறைந்தது. பங்குக்கு ஒரு ரூபாய் ஏறினால் சரியாகப் போய்விடும். அன்றைக்கே விற்றுக் கொடுத்து, "மிச்சத்துக்கு வேற வழி பாருங்கக்கா" என்று சொல்லியிருந்தால் நான் மனுஷன். நான்தான் நாடி ஆயிற்றே! "ரெண்டு நாள் பொறுங்கக்கா. கை பாத்துச் சொல்றேன்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாததா தம்பி. உங்க பொறுப்பு" என்று பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, நாகமலை புதுக்கோட்டையில் தங்கை வீட்டில் இருப்பதாகச் சொல்லிப் போனார்.

புதன்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்குச் சோழவந்தான் கனி ராவுத்தர் படியேறி வந்தார். மொத்த வெற்றிலை வியாபாரி. அவரை மாமா முறை வைத்துக் கூப்பிடுவது என் பழக்கம். எங்கள் மாடிக்கு வருகிறவர்களில் அவரைப் போல நிதானமான மனுஷர் கிடையாது. அதைவிட முக்கியம், பேச்சியம்மாள் பங்கு வைத்திருந்த மில்லின் மானேஜரும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதர்கள். வந்தார், உட்காரக்கூட இல்லை, தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கை மேலும் போட்டார். அந்த மில் பங்கில் முப்பது விற்கவேண்டும் என்றார். விரலால் விலை சொன்னார்.

அவர் சொன்ன விலை என் மண்டையில் ஏறவே இல்லை. அவர் கை பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. உள்ளங்கை சொதசொதவென்று நனைந்திருந்தது. "விசேஷம் ஏதும் உண்டா மாமா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. ரயிலு ரொம்ப லேட்டு. கீழ வண்டி நிக்கிது, அம்புட்டு வேலை கிடக்கு. நீ யோசிச்சு வை, நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

உட்காராமல் ஓடுகிறார், கை இப்படி நனைந்திருக்கிறது, மானேஜருக்குச் சிநேகிதர் வேறு. எனக்கு வேறு என்ன வேண்டும்? மில் மூழ்கப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பேச்சியம்மாள் முகம் கண் முன்னால் வந்தது. நேராகப் பெரியவரிடம் போய்த் துண்டைப் போட்டேன். ஒரு ரூபாய் குறைத்து விரலைப் பிடித்தேன். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், மூக்குப்பொடி போட்டார், இருபது பங்கை வாங்கிக்கொண்டார்.

மிச்சம் இருபதை விற்க அடுத்த ஆளிடம் திரும்புவதற்குள் மாடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "நாடி விக்கிறான்! நாடியே விக்கிறான்!" நான் துண்டை நீட்டின இடத்திலெல்லாம் அவனவன் எனக்கு விற்கத் துண்டை நீட்டினான். வாங்க ஒரு ஆள் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் பங்குக்கு ஆறு ரூபாய் போய்விட்டது. மில்லில் நூல் நூற்கிற ஒரு கதிர்கூட நிற்கவில்லை, ஒரு பேல் பஞ்சுகூட எரியவில்லை. பட்டணத்துத் தந்தியிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் விழுந்துவிட்டது. சாயங்காலம் எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். "நாடி சொன்னா சொன்னதுதான்யா!" என்றார்கள். எனக்கு இருபது பங்கு தேங்கிப்போன துக்கம் இருந்தது. ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமையோடு வெற்றிலை மண்டிப் பக்கம் போனேன். ராவுத்தர் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன மாப்ள, பங்கு விழுந்துருச்சாமே? ஏன்?" என்று என் கையைப் பிடித்தார்.

அதே கை. அதே சில்லிப்பு. அதே சொதசொதப்பு.

"என்ன மாமா கை இப்படி இருக்கு?"

"வெத்தலைக்காரன் கை வேற எப்படிடா இருக்கும்? எப்பவும் இலையை என் ஆள் பாத்துக்கிடுவான். நான் கை கால் கழுவி, சட்டை மாத்திக்கிட்டு மத்தியானமாத்தான் உங்க மாடிக்கு வருவேன். இன்னைக்கு ரயிலு லேட்டு, வெயில்ல இலை வதங்குது. நானே ஈரச் சாக்குக்குள்ள கையை விட்டு விட்டுப் புரட்டிக்கிட்டு வந்தேன். உங்கிட்ட வந்தப்பக்கூட கீழ வண்டியில இலை காஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப பங்கு ஏன் விக்கணும்னீங்க?"

"வெத்தலைக் கொடிக்கால் புதுசாப் போடுறேன். அகத்தி ஊனணும், வாய்க்கா வெட்டணும். செலவு இருக்குல்ல?"

ரயில் லேட் என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். வண்டி நிற்கிறது என்றும் சொன்னார். இரண்டும் என் காதில் விழுந்தன. இரண்டையும் விட்டுவிட்டு, சொல்லாத ஒன்றை அவர் கையில் படித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ஒரு கெட்ட புத்தியும் வந்தது. மறைக்க மாட்டேன். மில் நன்றாக இருக்கிறது, பங்கு விழுந்ததற்குக் காரணமே இல்லை, இது தெரிந்த ஒரே தரகன் நான். காலையில் வாயைத் திறக்காமல் இறங்கின விலைக்கு வாங்கிப் போட்டால் ஒரு வாரத்தில் லாபம். எனக்கும் லாபம், நாடி என்ற பெயரும் நிற்கும். ஆனால் பேச்சியம்மாளுக்கு ஒரு வாரம் கிடையாது. வெள்ளிக்கிழமைதான் கெடு.

மறுநாள் காலை அந்த அம்மாள் பாத்திரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. வெற்றிலைத் தண்ணீரிலிருந்து ஆறு ரூபாய் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்குச் சரிபார்க்கிற மாதிரிக் கேட்டார்.

"அப்ப மில்லுக்கு ஒண்ணும் ஆகல?"

"ஆகலக்கா."

"நீங்க வித்ததாலதான் விழுந்துச்சு?"

"ஆமாக்கா."

"அப்ப போயி, தப்பாப் போச்சுன்னு அவுகள்ட்ட சொல்லுங்க. எனக்குச் சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு அவுகளுக்குச் சொல்லத் தெரியாதா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. படியேறினேன். அவரும் பின்னாலேயே ஏறி வந்து நிலைப்படியில் நின்றுகொண்டார். கீழே தட்டுகிற சத்தத்தை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, நடந்ததை நடந்தபடி எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

ஒருத்தன் நம்பவில்லை! நேற்றைக்கு ஒரு ஈரக் கையை நம்பி ஓடினவர்கள் இன்றைக்கு என் வாயை நம்பவில்லை. "மிச்சம் இருபது தேங்கிப்போச்சுல்ல, அதை ஏத்தி விக்கப் பாக்குறான்" என்றான் ஒருத்தன். "வெத்தலைத் தண்ணியாம்! யாருக்குக் காது குத்துற மாப்ள?" என்றான் இன்னொருத்தன். தப்பாகச் சொன்னால் உடனே நம்புகிறார்கள், சரியாகச் சொன்னால் சாட்சி கேட்கிறார்கள். உங்கள் காலத்திலும் இது மாறியிருக்காது.

நல்லவேளை, நாளைக்கு வாரேன் என்று சொன்ன ராவுத்தர் சொன்னபடி வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டு முதலில் வாயைப் பிளந்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். ஆளை அனுப்பி வண்டியிலிருந்து ஒரு ஈரக் கூடையை மேலே கொண்டுவரச் சொன்னார். எல்லாரும் பார்க்க இரண்டு கையையும் இலைக்குள் விட்டு எடுத்தார். துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தரகரிடமாகப் போனார்.

"புடிங்க. நல்லாப் புடிச்சுப் பாருங்க. என் நசீபு, என் நேரம் நல்லாத்தான் இருக்கு. இது பயமா, தண்ணியா?"

மூன்றாவது ஆளுக்குப் போவதற்குள் மாடியே சிரிப்பில் அதிர்ந்தது. மத்தியானத்துக்குள் பங்கு பழைய விலைக்கு வந்துவிட்டது. "நாடி" என்ற பெயரும் அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் "வெத்தலை" என்றுதான் கூப்பிட்டார்கள். என் மகன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயரே தெரிந்தது.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நேத்து எங்கிட்ட வித்தியே, அப்ப உன் கை எப்படி இருந்துச்சு தெரியுமாடா?" என்றார்.

"தெரியலைங்கய்யா."

"தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. இந்த மாடியில நிசமாவே பயந்துபோன கை அது ஒண்ணுதான். பயந்தவன் விக்கிறான்னா வாங்கிறலாம்னு வாங்கினேன். சரி, காகிதத்துல இன்னும் கையெழுத்து விழல. அந்த அம்மா சொத்து எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போ" என்று இருபது பங்கையும் வாங்கின விலைக்கே திருப்பிவிட்டார்.

ஆக, பேச்சியம்மாள் திங்கட்கிழமை நின்ற இடத்துக்கே திரும்பி வந்து நின்றார். நாற்பது பங்கு இருக்கிறது, நாற்பது ரூபாய் குறைகிறது, வெள்ளிக்கிழமை நாளைக்கு. "ஏறுமா தம்பி?" என்று கேட்டார்.

அந்தத் தொழிலில் முதல் தடவையாக அன்றைக்குத்தான், "எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். சொன்ன பிறகு நெஞ்சு லேசாகிவிட்டது.

"அப்ப வித்துருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை நானும் கூடவே இன்ஜின் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது என்று சத்தியம் செய்தார். பேச்சியம்மாள் என்னிடம், "தம்பி, அந்தத் துண்டைக் குடுங்க" என்று கையை நீட்டினார். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது, கடைக்காரருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன முழிக்கிறீக? எங்க வீட்டுக்காரவுக போனதுக்கப்புறம் மாட்டுத்தாவணியில நானே கை புடிச்சு மாடு வித்தவ" என்றார். அப்புறம் கடைக்காரரைப் பார்த்து, "அந்தக் கையை முதல்ல நல்லாத் துடைச்சுட்டு வாங்க" என்றார்.

கடைக்காரர் வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். துண்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு தரம் அந்த அம்மாள் கையை எடுத்து, "இன்னொரு தடவ துடைங்க" என்றார். அவர் துடைத்தார். மறுபடியும் துண்டு. பேச்சியம்மாள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. துண்டு விலகியபோது இன்ஜின் விலையில் ஐம்பது ரூபாய் குறைந்திருந்தது.

மாட்டு வண்டியில் இன்ஜினை ஏற்றும்போது, துண்டுக்குள் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டேன்.

"துடைக்கத் துடைக்க வேர்த்துச்சு தம்பி. இவர் கடையில வெத்தலையும் இல்ல, தண்ணியும் இல்ல. சர்க்கார் இன்ஜினையெல்லாம் யுத்தத்துக்கு எடுத்துக்கிடும்னு பயந்துபோயி கிடக்காரு. தள்ளிவிட்டாப் போதும்னு இருக்காரு."

"நீங்க கையைப் புடிச்ச கூச்சத்துல வேர்த்திருந்தா?"

"எதுல வேர்த்தா எனக்கென்ன? விலை குறைஞ்சிச்சுல்ல?"

தம்பிமார்களே, நான் படித்த பாடத்தை அந்த அம்மாள் இரண்டே நாளில் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டார். சந்தை விழப்போகிறது என்று உங்களுக்கு எந்த அறிகுறி தெரிந்தாலும் உடனே ஓடாதீர்கள். ஒரு தரம் துடைத்துவிட்டுப் பாருங்கள். மறுபடியும் நனைகிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால் உங்கள் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பங்குகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பட்டாளத்துக்குத் துணி நெய்து கொடுத்து அந்த மில் கொழித்தது. அடுத்த வருஷமே பங்கு விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. நாம் விற்றுக் கொடுத்துவிட்டோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. பேரையூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, திட்டு வாங்கத் தயாராக அவர் தோட்டத்துக்குப் போனேன். இன்ஜின் டுபுடுபு என்று ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய்ச் செடி வரிசைக்கு வரிசை பச்சையாக நின்றது. நாலைந்து பேர் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். விலையைச் சொன்னேன்.

"ஏறட்டும் தம்பி, வாங்குனவுக நல்லா இருக்கட்டும். அந்தக் காகிதம் என் பொட்டியில கிடந்து ஏறியிருந்தா முன்னால ரெண்டு வருசம் காஞ்ச மாதிரி இந்த வருசமும் செடி காஞ்சுருக்கும்" என்றார்.

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், குழாயிலிருந்து வாய்க்காலில் கொட்டுகிற தண்ணீரில் முங்க வைத்தார். கிணற்றுத் தண்ணீர், சில்லென்று இருந்தது. நனைந்த கையை மேலே தூக்கி, பாத்தி கட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி காட்டினார்.

"இந்தா, கை ஈரமாயிருச்சு. இப்பச் சொல்லுங்க தம்பி, சந்தை விழுமா?"